முறிமருந்தும் ஒவ்வாமையும்: ஒரு வரலாற்று நோக்கு

சீகிரியாவைக் காண வருவோர் ஐந்தாம் நூற்றாண்டிற் காசியப்பன் எழுப்பிய கோட்டையையும் அதன் ஓவியங்களையுமே நினைவிற் கொண்டு மீள்வர். ஆயின் அக்குன்றைச் சூழ்ந்த வயல்களிலும் சேனைகளிலும் உழைப்போருக்குப் பாம்புக்கடி தீராத அச்சமாகும். இலங்கையின் உலர் வலயத்துக்கே பொதுவான இவ்வச்சத்துக்கு வைத்தியசாலை அளிக்கும் விடை, குதிரையின் குருதியிலிருந்து பெறப்படும் முறிமருந்தாகும். உயிர்காக்கும் அம்மருந்தே சிலவேளை உயிருக்கு ஊறு விளைவிக்கின்றது.

இம்முரண்பாடு புதியதன்று. கடற்சாமந்தியின் நஞ்சை முதன்முறை தாங்கிக்கொண்ட நாய், பின்னர் சிற்றளவு நஞ்சினாலேயே இறந்தமையை 1902இற் பிரான்சிய அறிஞரான போர்த்தியேயும் ரிசேயும் கண்டனர். தொண்டைக்கரப்பானுக்கெனக் குதிரைச் சீரம் ஏற்றப்பட்ட சிறுவரை வியன்னாவில் ஆராய்ந்த பிர்க்கே, 1906இல் 'அலர்ஜி' என்னும் சொல்லை ஆக்கினார். ஒவ்வாமை பற்றிய சிந்தனைக்குச் சீரமே வித்திட்டது எனலாம்.

இதனை முன்னறிவது எங்ஙனம்? சிறுதுளி மருந்தைத் தோலிற் செலுத்திப் பார்க்கும் சோதனை நெடுங்காலம் நம்பப்பட்டது. பெனிசிலின் போன்ற மருந்துகளுக்கு, உரிய முறையிற் செய்யப்படின், அது பயனுடையதே. முறிமருந்தைப் பொறுத்தவரை அச்சோதனை எதனையும் முன்னுணர்த்துவதில்லை என மலாசிற் முதலானோர் 1986இல் வெளியிட்ட ஆய்வு காட்டிற்று. அதனை நம்புவதால் விளையும் தீங்கு இருவகைப்பட்டது. தோல் தடிக்காதவரிடத்து விழிப்புத் தளர்கின்றது. தடித்தவருக்கோ இன்றியமையாத மருந்து மறுக்கப்படுகின்றது.

இவ்விடத்து இலங்கையில் நிகழ்ந்த ஆய்வொன்று சிறப்பிடம் பெறுகின்றது. 2005 முதல் 2008 வரை 1,007 நோயாளரை உட்படுத்தி நடத்தப்பெற்ற அவ்வாய்வின் முடிபுகள் 2011இல் வெளிவந்தன. ஏறத்தாழ நால்வரில் மூவருக்கு எதிர்விளைவு தோன்றியிருந்தது. அவற்றுட் பெரும்பாலானவை முதல் மணித்தியாலத்திலேயே நிகழ்ந்தன. வழக்கமாக அளிக்கப்பட்டுவந்த ஹைட்ரோகோட்டிசோனும் புறொமெத்தசினும் அதனைத் தடுக்கவில்லை. முறிமருந்துக்கு முன்னர் தோலின்கீழ் ஏற்றிய சிற்றளவு அதிரினலினோ, கடும் விளைவுகளை முதல் மணித்தியாலத்தில் 43 சதவீதத்தாற் குறைத்தது.

வரலாறு உணர்த்தும் உண்மை யாது? பொய்யான உறுதி அறியாமையினும் கேடுடையது. முன்னறிய இயலாதவிடத்து, வைத்தியரும் தாதியரும் நோயாளியின் அருகிருந்து மூச்சையும் நாடியையும் குருதியமுக்கத்தையும் நோக்குதலே மெய்யான நோயறிதலாகும். வயலிலிருந்து தூக்கிவரப்படும் உழவனின் உயிர் அம்முதல் மணித்தியால விழிப்பிலேயே தங்கியுள்ளது.