மூப்பும் சுவையும்

வைன் மூப்படைய மூப்படையச் சிறக்கும் என்பார்கள். வரலாறு வேறு சொல்கிறது.

கி.மு. 121இல் ஒப்பிமியுஸ் உரோமாபுரியின் கொன்சலாக இருந்தார். அவ்வாண்டின் செறிவான வைன் அவர் பெயராலேயே புகழ்பெற்றது. கி.மு. 46இல் சிசரோ தமது ‘புரூட்டஸ்’ நூலில், மூப்பு மிஞ்சி அதன் இனிமை போய்விட்டதென்கிறார். பிளினியின் காலத்தில், ஏறத்தாழ 200 ஆண்டு மூப்பில், அது கடுஞ்சுவைத் தேன்போல் இறுகியிருந்தது. மற்ற வைனுக்குச் சுவையூட்டச் சிறிதளவு கலந்தார்கள். பலேர்னிய வைனுக்கு 15 முதல் 20 ஆண்டே உகந்த பருவம் என்றார் மருத்துவர் கேலன்.

சிசரோவின் குறி வைனன்று. துசிடிடீசின் பழைய நடையைப் போலிசெய்த பேச்சாளர்களே. புத்தம்புது வைனையும் அவர் ஏற்கவில்லை; நடுப்பருவமே வேண்டுமென்றார். பழந்தமிழ் நடையில் மயங்கும் எழுத்தாளருக்கும் நான் சொல்ல விரும்புவது இதுவே.