ஏழாவது உயிரணு எங்கே போனது?

கனிந்த வாழைப்பழத்தைத் தேடி சமையலறைக்குள் நுழையும் குட்டி ஈயை விரட்டாதவர் இருக்க முடியாது. அந்தப் பழ ஈதான் மனித நோய் ஒன்றுக்கான மருந்துக் கதையின் தொடக்கம் என்றால் நேயர்கள் சிரிக்கக்கூடும்.

1910-ஆம் ஆண்டில் நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் தாமஸ் ஹண்ட் மார்கன் வெள்ளைக் கண் கொண்ட ஈ ஒன்றைக் கண்டதிலிருந்தே இந்தப் பூச்சிக்கு ஆய்வுக்கூடங்களில் இடம் உறுதியாகிவிட்டது. பின்னர், 1970-களில், கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் சீமோர் பென்சரின் குழுவினர் ஈக்களுக்கு ஓர் எளிய சோதனை வைத்தனர். ஒரு பக்கம் புற ஊதா ஒளி; மறுபக்கம் சாதாரண ஒளி. நல்ல ஈ புற ஊதா ஒளியைத்தான் நாடும். சில ஈக்கள் மட்டும் எதிர்ப்பக்கம் போயின.

ஈயின் கண் நூற்றுக்கணக்கான சிறு கண்களால் ஆனது. ஒவ்வொன்றிலும் ஒளியை உணரும் நரம்பணுக்கள் எட்டு. வழி மாறிய ஈக்களில் ஏழாவது மட்டும் இல்லை. அந்த மரபணுவுக்கு 'செவன்லெஸ்', அதாவது 'ஏழற்றது' என்றே பெயர் வைத்தார்கள்.

அந்த உயிரணு இறந்துவிட்டதா? இல்லை. 1986-இல் ஆண்ட்ரூ டாம்லின்சனும் டொனால்ட் ரெடியும் விடை கண்டனர். நரம்பணு ஆக வேண்டிய அது, கண் வில்லையைச் சுரக்கும் சாதாரண உயிரணுவாக மாறியிருந்தது! அப்படியானால் அதை நரம்பணு ஆகச் சொல்வது எது?

அடுத்த ஆண்டே மரபணு படிக்கப்பட்டது. அது உருவாக்கும் புரதம் உயிரணுவின் மேற்பரப்பில் நிற்கிறது. அண்டையிலுள்ள எட்டாவது உயிரணு தொட்டதும், பாஸ்பேட்டை ஒட்டும் வேலையைத் தொடங்குகிறது. கடப்பிதழில் குடிநுழைவு அதிகாரி குத்தும் முத்திரை போன்றது இது. கடப்பிதழ் அதேதான், ஆனால் முத்திரை விழுந்த பிறகே கதவு திறக்கும். அந்தச் செய்தி புரதத்திலிருந்து புரதத்துக்குக் கைமாறி உயிரணுவின் கருவை அடைகிறது. இந்தச் செய்திப் பரிமாற்றத்தில் பங்கேற்பவற்றின் பெயர்கள் 'செவன்லெஸ்ஸின் மணமகள்', 'செவன்லெஸ்ஸின் மகன்'. நெடுந்தொடருக்குப் பாத்திரங்கள் தயார்!

கருவுக்குள் ஒரு முட்டுக்கட்டை காத்திருக்கிறது. 'டிராம்டிராக்' என்ற புரதம் நரம்பணு ஆவதைத் தடுத்துக்கொண்டிருக்கும். 1990-இல் ரிச்சர்ட் கார்த்யூவும் ஜெரால்ட் ரூபினும் அறிவித்த 'சைனா' என்ற புரதம், டிராம்டிராக்கின் மீது யுபிக்விட்டின் என்ற அடையாளம் விழச் செய்கிறது என்பது 1997-இல் தெரிந்தது. அடையாளம் விழுந்த புரதம் அழிக்கப்படும். தடை நீங்கும், நரம்பணு பிறக்கும். யுபிக்விட்டின் வழியாகப் புரதம் அழிக்கப்படுவதைக் கண்டறிந்த ஏரன் சீச்சனோவர், ஆவ்ராம் ஹெர்ஷ்கோ, இர்வின் ரோஸ் மூவரும் 2004-இல் வேதியியல் நோபல் பரிசு பெற்றது குறிப்பிடத்தக்கது.

மனிதரிடமும் செவன்லெஸ்ஸுக்கு உறவு மரபணு உண்டு, பெயர் ராஸ்1. அது உடைந்து வேறொரு மரபணுவுடன் ஒட்டிக்கொண்டால், முத்திரை குத்துவது நிற்கவே நிற்காது. நுரையீரல் புற்றுநோய் கண்டவர்களில் நூற்றுக்கு ஒருவர் அல்லது இருவரிடம் இந்தக் கோளாறு இருக்கிறது. புகையே பிடிக்காதவர்களும் அவர்களில் உண்டு. நுரையீரல் புற்றுநோயில் இது முதலில் தெரியவந்த 2007-ஆம் ஆண்டில்தான் பென்சர் மறைந்தார். முத்திரை குத்தும் அந்தக் கையைப் பிடித்து நிறுத்தும் கிரிசோட்டினிப் மருந்துக்கு, இந்நோயாளிகளுக்காக அமெரிக்கா 2016-இல் அனுமதி அளித்தது.