பெரியவர் சிரித்தார், கேள்வி நின்றது

நான் லுக்குட் தோட்டப்புறத்திலிருந்து வந்திருக்கிறேன். 'பெரியவர்கள் சொல்லிவிட்டால் கேள்வி முடிந்ததா?' என்பதுதானே இன்றைய தலைப்பு? முடியாது என்பது என் கட்சி. அதற்குச் சாட்சியாக விண்மீன்களை அழைக்கிறேன்.

1930இல் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து முடித்த 19 வயது சுப்பிரமணியன் சந்திரசேகர், இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். கடலிலேயே கணக்குப் போட்டார். எரிபொருள் தீர்ந்து சுருங்கிய விண்மீனை வெண்குள்ளன் என்பார்கள். அதன் எடைக்கு ஓர் எல்லை உண்டு என்றது அந்தக் கணக்கு. பின்னர் திருத்தமாக வந்த அளவு, சூரியனின் எடையைப் போல் 1.4 மடங்கு.

1935 ஜனவரி 11. லண்டனில் அரச வானியல் கழகக் கூட்டம். சந்திரசேகர் பேசி அமர்ந்ததும் ஆர்தர் எடிங்டன் எழுந்தார். அன்றைய வானியலின் பெரும்புள்ளி அவர். அந்த முடிவே அபத்தம் என்றார். சபை சிரித்தது. இளைஞரோ கணக்கை மாற்றிக்கொள்ளவில்லை. 1983இல் நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது.

கதை அதோடு முடிந்ததா? இல்லை! தனியாக இருக்கும் வெண்குள்ளன் மெல்லக் குளிர்ந்து போகும், அவ்வளவுதான். வெடிக்க வேண்டுமானால் துணை வேண்டும். அந்தத் துணை யார்? உயிருள்ள பக்கத்து விண்மீனிடம் வாயுவை உறிஞ்சி எடை ஏறுகிறது என்பது 1973இல் வந்த விளக்கம். இரண்டு வெண்குள்ளர்கள் ஒன்றையொன்று சுற்றி மோதி இணைகின்றன என்பது 1984இல் வந்த விளக்கம். பாடநூல்கள் பல காலம் முதல் விளக்கத்தையே முடிந்த முடிவாகச் சொல்லிக்கொடுத்தன.

2011 ஆகஸ்டில், சுமார் 2 கோடி ஒளியாண்டு தொலைவில் ஒரு வெண்குள்ளன் வெடித்தது. அந்த இடத்தை முன்பே எடுத்திருந்த ஹபிள் படங்களைப் புரட்டினார்கள். பெரிய செந்நிறத் துணை எதுவும் அங்கே இல்லை. 2025இல் சிலி நாட்டுத் தொலைநோக்கி, பழைய வெடிப்பொன்றின் சிதறலில் கால்சியம் இரண்டு அடுக்காக இருப்பதைக் காட்டியது. முதலில் மேற்பரப்பில் ஒரு வெடி, பிறகு உள்ளே ஒரு வெடி! இப்படி நடந்தால் 1.4 எல்லையைத் தொடாமலே வெண்குள்ளன் வெடிக்கலாம். சந்திரசேகரின் கணக்கு பிழையல்ல. ஆனால் எல்லா வெடிப்புக்கும் அதுவே காரணம் என்று நாம் முடிவு கட்டியதுதான் அவசரம்.

இதனால் நமக்கென்ன என்று கேட்பீர்கள். இந்த வெடிப்புகளைத் தெருவிளக்குபோல வைத்துத் தொலைவை அளந்துதான், பிரபஞ்சம் மேலும் மேலும் வேகமாக விரிகிறது என்று 1998இல் கண்டார்கள். விளக்குகள் பலவகை என்றால் அளவையும் சரிபார்த்தாக வேண்டும். நம் ரத்தத்திலும் பால்மரம் வெட்டிய கத்தியிலும் உள்ள இரும்பில் பெரும்பங்கு இத்தகைய வெடிப்புகளில் பிறந்ததே.

பெற்றோரே, பிள்ளை கேள்வி கேட்டால் "பெரியவங்க சொல்லிட்டாங்க, சும்மா இரு" என்று அடக்காதீர்கள். ஒரு பெரியவரின் சிரிப்பு 1935இல் சபையை அடக்கியது. கணக்கை அடக்கவில்லை.