உணர்ச்சி உழைப்பு

மனத்தில் எழும் உணர்ச்சியை அடக்கிக்கொண்டு, வேலை கேட்கும் உணர்ச்சியை முகத்திலும் குரலிலும் வரவழைத்துக் காட்டுவது உணர்ச்சி உழைப்பு எனப்படும். விமானப் பணிப்பெண்கள், செவிலியர்கள், துணிக்கடை விற்பனையாளர்கள், கால் சென்டர் ஊழியர்கள் ஆகியோரின் வேலையில் இது பெரும்பகுதி. சம்பளச் சீட்டில் இதற்குத் தனி இடம் கிடையாது. அமெரிக்கச் சமூகவியலாளர் ஆர்லி ரஸல் ஹாக்‌ஷீல்ட் 1983இல் வெளியிட்ட ‘தி மேனேஜ்டு ஹார்ட்’ என்ற நூல் இக்கருத்துக்கு அடித்தளமிட்டது.

நூலுக்காக அவர் டெல்டா ஏர்லைன்ஸ் நிறுவனத்தின் பயிற்சி வகுப்புகளில் அமர்ந்து கவனித்தார். விமானத்தை உங்கள் வீட்டு வரவேற்பறையாகவும் பயணிகளை வீடு தேடி வந்த விருந்தாளிகளாகவும் நினைத்துக்கொள்ளுங்கள் என்று அங்கே கற்பித்தார்கள். ஒருவர் கத்தினால், அவர் வீட்டில் ஏதோ துயரம் நேர்ந்திருக்கும் என்று கற்பனை செய்துகொள்ள வேண்டும். கடன் வசூலிப்பவர்களுக்கோ இதற்கு நேர்மாறான பயிற்சி: இரக்கம் எழுந்தாலும் குரலில் கடுமையே தெரிய வேண்டும்.

முகத்தை மட்டும் மாற்றிக்கொள்வதை அவர் மேலோட்ட நடிப்பு என்றார். உணர்ச்சியையே உள்ளே வரவழைத்துக்கொள்வது ஆழ்ந்த நடிப்பு. இதை விளக்க ரஷ்ய நாடக இயக்குநர் ஸ்டானிஸ்லாவ்ஸ்கியின் நடிப்பு முறையைத் துணைக்கழைத்தார். நீண்ட பயணம் முடிந்து இறங்கிய பிறகும் சிரிப்பு முகத்தைவிட்டு அகல மறுக்கிறது என்று பணிப்பெண்கள் அவரிடம் சொன்னார்கள். தம் உணர்ச்சி எது, நிறுவனம் கேட்ட உணர்ச்சி எது என்று பிரித்தறிய முடியாமல் போவதையே அவர் பெரிய இழப்பாகக் கருதினார். பிற்கால ஆய்வுகள் பலவும் மேலோட்ட நடிப்பைப் பணிச் சோர்வோடு தொடர்புபடுத்துகின்றன.

உணர்ச்சியை மறைக்கும்போது உடலில் நடப்பதை ஜேம்ஸ் கிராஸ், ராபர்ட் லெவன்சன் இருவரும் 1993இல் ஆராய்ந்தார்கள். அருவருப்பூட்டும் மருத்துவப் படம் ஒன்றைக் காட்டி, பார்ப்பவர்களில் ஒரு பகுதியினரிடம் முகத்தில் எதையும் காட்டாதீர்கள் என்றார்கள். முகம் அடங்கியது, அருவருப்பு குறையவில்லை. விரல்களின் இரத்த ஓட்டத்திலும் தோலின் வியர்வையிலும் பதற்றத்தின் அறிகுறிகள் கூடின. மறைக்கும் முயற்சி, அந்நேரத்தில் கண்டதையும் கேட்டதையும் நினைவில் வைப்பதைப் பாதிப்பதாகவும் பின்னர் தெரிந்தது. 2003இல் வெளியான ஓர் ஆய்வில், பேசிக்கொண்டிருந்த இரு பெண்களில் ஒருவர் உணர்ச்சியை மறைத்தபோது எதிரே இருந்தவரின் இரத்த அழுத்தமும் உயர்ந்தது.

மறைப்பது எல்லாமே கேடு என்று இதற்குப் பொருளில்லை. அடக்கத்தை மதிக்கும் ஆசிய மரபில் ஊறியவர்களிடம் பாதிப்பு குறைவாக இருப்பதை 2007இல் ஓர் ஆய்வு காட்டியது. வேலையில் ஓரளவு சுதந்திரம் உள்ளவர்களுக்கும் சுமை குறைகிறது. ஆகவே ஊழியருக்கு மனப்பயிற்சி கொடுப்பதோடு நிர்வாகத்தின் பொறுப்பு தீர்ந்துவிடாது. திட்டும் வாடிக்கையாளரிடமிருந்து விலகும் உரிமையும் அவருக்கு வேண்டும். தென் கொரியா 2018இல் தொழில் பாதுகாப்புச் சட்டத்தைத் திருத்தி இதற்கு வழிசெய்தது: வாடிக்கையாளரின் வசையால் பாதிக்கப்பட்டவருக்கு வேலையை இடைநிறுத்தவோ மாற்றித்தரவோ வேண்டியது முதலாளியின் கடமை.

தமிழ்நாட்டில் கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று 2021இல் சட்டம் திருத்தப்பட்டது. நாள் முழுதும் நின்ற கால்களுக்கு அது பெரிய ஆறுதல். வசை கேட்டும் சிரித்தாக வேண்டியவரைப் பற்றி அத்திருத்தத்தில் ஒன்றும் இல்லை.