மலைவாழையும் மானியமும்

வத்தலக்குண்டிலிருந்து சித்தரேவு வழியாக மலையேறும் பேருந்து, தடியன்குடிசையைக் கடந்துதான் தாண்டிக்குடிக்குப் போகிறது. தடியன்குடிசையில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. தாண்டிக்குடியில் காபி வாரியத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. ஆகவே ‘ஆராய்ச்சி’ என்ற சொல் இந்த மலைக்குப் புதிதல்ல. ஆய்வுத் தோட்டமானாலும் களை எடுக்க, பழம் பறிக்க, நாற்றுப் பைக்கு மண் நிரப்ப ஆள் வேண்டும். ஆள் என்றால், இந்தச் சரிவுகளில், பெரும்பாலும் பெண்.

சிறிய தொழில்நுட்ப நிறுவனங்களுக்கு அரசு தரும் ஆராய்ச்சி மானியத்தின் வரலாற்றை எழுத உட்கார்ந்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது டெல்லி அலுவலகம் அல்ல, இந்த மலையின் வாழைதான். காரணம் இருக்கிறது.

கீழ்ப்பழனி மலையில் காபிக்கும் மிளகுக்கும் நடுவே, மழையை மட்டும் நம்பி வளர்வது மலைவாழை. அடிவாரத்து விருப்பாச்சியின் பெயரையே தாங்கி விருப்பாச்சி வாழை என்றும் வழங்கும். ஈரப்பதம் குறைந்த பழம், சீக்கிரம் கெடாது. பழனிப் பஞ்சாமிர்தம் அதனால்தான் இதைத் தேடுகிறது. இந்த வாழையைத்தான் முடிக்கொத்து நோய் அழித்தது. அசுவினிப் பூச்சி பரப்பும் வைரஸ் அது. இலைகள் குறுகி, விறைத்து, உச்சியில் கொத்தாக நின்றுவிடும்; குலை தள்ளாது. இலங்கையில் 1913-லேயே காணப்பட்டு, 1940 வாக்கில் கேரளத்துக்கு வந்த நோய், பிறகு பழனி மலையிலும் பரவியது. வைரஸ் கன்றுக்குள்ளேயே ஒளிந்திருக்கும். பக்கத்துத் தோட்டத்திலிருந்து கன்று வாங்கி நட்டவர்கள் நோயையும் சேர்த்தே வாங்கி நட்டார்கள். ஆயிரக்கணக்கான ஏக்கர் தோட்டங்கள் வாழையை இழந்தன.

மீட்சிக்கு வழி திசு வளர்ப்பு. நல்ல தாய்மரத்தின் குருத்து நுனியைச் சிறு துண்டாக வெட்டி, கிருமி நீக்கிய கண்ணாடிக் குடுவையில் ஊட்டக்கூழின்மேல் வைத்தால் ஒன்று பலவாகும். ஆனால் இதில் ஒரு பொறி உண்டு. தாய்மரத்தில் வைரஸ் இருந்தால், ஆய்வுக்கூடம் ஆயிரம் நோய்க் கன்றுகளை அழகாகப் பெருக்கித் தந்துவிடும். எனவே ஒவ்வொரு தாய்மரத்தையும் வைரஸுக்காகச் சோதிக்க வேண்டும். வேளாண்மைப் பல்கலைக்கழகம் இந்தப் பணியைச் செய்தது. மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறை 2006-இல் திசு வளர்ப்புக் கன்றுகளுக்குத் தேசியச் சான்றளிப்பு முறையையே கொண்டுவந்தது. மலைவாழை விவசாயிகள் கூட்டமைப்பாகத் திரண்டார்கள். 2008-09 நிதியாண்டில் விருப்பாச்சி வாழைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

இந்தக் கதையைப் பொதுவாக விஞ்ஞானியும் விவசாயியும் மட்டுமே இருப்பதுபோலச் சொல்வார்கள். குடுவைக்கு முன் உட்கார்ந்து வெட்டுகிற கை யாருடையது? நாட்டின் திசு வளர்ப்புக் கூடங்களில் அந்த வேலையைச் செய்கிறவர்கள் பெரும்பாலும் இளம்பெண்கள். காற்றைச் சலித்து ஊதும் கண்ணாடி மேடையின் முன், முகமூடியோடு, சுடரில் காட்டிய கத்தியால் நாளெல்லாம் துண்டு துண்டாக வெட்டுவது. ‘பெண்களுக்குப் பொறுமை அதிகம், விரல் மென்மை’ என்பார்கள் முதலாளிகள். 1981-இல் டயான் எல்சனும் ரூத் பியர்சனும் மின்னணு, ஆடைத் தொழிற்சாலைகளை வைத்து இந்தப் பேச்சைப் பிரித்துக் காட்டிவிட்டார்கள்: அந்த நுண்விரல் பிறவியில் வந்ததல்ல, வீட்டில் சிறுவயதிலிருந்தே பழக்கப்படுத்தப்பட்டது, வீட்டில் கற்றது என்பதாலேயே அது திறமையாக எண்ணப்படாமல் குறைகூலிக்குக் கிடைக்கிறது. குடுவையிலிருந்து வெளிவந்த கன்றை நிழல்வலைக்குள் வைத்து வெயிலுக்கும் காற்றுக்கும் பழக்கும் வேலையும் பெண்கள் கையில்தான். அதிலும் தவறினால் கன்று சாகும், ஆனாலும் அது ‘ஆராய்ச்சி’ ஆகாது, ‘பராமரிப்பு’.

இனி மானியத்துக்கு வருவோம். சிறு நிறுவனங்களுக்கு அரசு ஆய்வுப் பணத்தில் ஒரு பங்கைச் சட்டப்படி ஒதுக்கும் ஏற்பாட்டை அமெரிக்கா 1982-இல் கொண்டுவந்தது. வெளியாட்களுக்கு ஆண்டுக்கு 10 கோடி டாலருக்குமேல் ஆய்வு நிதி தரும் துறைகள், தொடக்கத்தில் அதில் 0.2 சதவீதத்தைச் சிறு நிறுவனங்களுக்கு ஒதுக்க வேண்டும். பின்னர் அது படிப்படியாக உயர்ந்தது. பெண்கள் உடைமையாக உள்ள நிறுவனங்களைத் தேடிச் சேர்க்க வேண்டும் என்ற நோக்கம் சட்டத்தில் ஏறியது 1992-இல். நடுவில் 1988 என்றொரு ஆண்டு உண்டு. அதுவரை அமெரிக்காவின் சில மாநிலங்களில், ஒரு பெண் தொழில் கடன் வாங்க ஆண் உறவினர் ஒருவரின் கையெழுத்தைக் கேட்க முடிந்தது. அந்த ஆண்டுச் சட்டம்தான் அதை நிறுத்தியது. ஆக, 1982-இல் ‘சிறு நிறுவனம்’ என்று எழுதியபோது, வங்கிக்கு அப்பாவையோ மகனையோ அழைத்துப் போக வேண்டியிருந்த பெண்ணும் அதற்குள் இருந்தாள் என்று நம்ப எனக்குக் கடினமாக இருக்கிறது.

இந்தியாவில் உயிரித் தொழில்நுட்பத் துறை இதே போன்றதொரு சிறுதொழில் ஆய்வுத் திட்டத்தை 2005-இல் தொடங்கியது. முதல் கட்டத்துக்கு மானியம், அடுத்த கட்டத்துக்குக் குறைந்த வட்டிக் கடன். நிறுவனம் தன் பங்குப் பணத்தைப் போட வேண்டும். தனக்கென ஆய்வுப் பிரிவு வைத்திருக்க வேண்டும். அதே 2005-இல்தான் இந்து வாரிசுரிமைச் சட்டம் திருத்தப்பட்டு, மகளுக்கும் மூதாதையர் சொத்தில் மகனுக்குச் சமமான பிறப்புரிமை நாடு முழுவதும் வந்தது. தமிழ்நாடு இதை 1989-லேயே செய்திருந்தது. ஆனால் அந்த ஆண்டு மார்ச் 25-க்கு முன் திருமணமான மகள்களை வெளியே நிறுத்தியிருந்தது. இரண்டு சட்ட நடவடிக்கைகளையும் சேர்த்து யாரும் வாசிப்பதில்லை. வாசிக்க வேண்டும். பங்குப் பணம் எங்கிருந்து வரும்? அடமானத்திலிருந்து. அடமானம்? பட்டாவிலிருந்து.

துறைக்குள் பெண்கள் இல்லாமலில்லை. 1996 முதல் 2004 வரை அதன் செயலர் மஞ்சு சர்மா. மானியங்களை நிர்வகிக்க 2012-இல் பைராக் என்ற பொதுத்துறை நிறுவனம் உருவானபோது அதை வழிநடத்தியவர் ரேணு ஸ்வரூப். 2001-இல் சென்னையை அடுத்த சிறுசேரியில், மத்திய மாநில அரசுகளும் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து, பெண்களுக்கென்றே ஓர் உயிரித் தொழில்நுட்பப் பூங்காவைத் திறந்தன. பொன்விழாப் பெயர் தாங்கிய அந்தப் பூங்கா 20 ஏக்கர் பரப்பு. நாட்டிலேயே முதலாவது. இடம், ஆய்வுக்கூடம், மின்சாரம் எல்லாம் ஓரிடத்தில் கிடைத்தால் முதலீட்டுச் சுமை குறையும் என்பது கணக்கு. நல்ல கணக்குதான். நான் அதைக் குறைத்துப் பேச மாட்டேன். பெண்ணைப் ‘பயனாளி’ என்று எழுதிப் பழகிய அரசு ஒருமுறையாவது ‘தொழில்முனைவோர்’ என்று எழுதியது. ஆனால் தாண்டிக்குடியிலிருந்து சிறுசேரி ஏறக்குறைய 500 கிலோமீட்டர்.

பைராக்கின் தொடக்கநிலை மானியம் 50 லட்சம் ரூபாய் வரை. தனிநபரும் கேட்கலாம், ஏதாவதொரு இன்குபேட்டரோடு இணைந்திருந்தால். மலைக்கு அருகில் என்று சொன்னால் மதுரை, கோயம்புத்தூர். தமிழ்நாடு அரசின் டான்சீட் திட்டம் புத்தொழில்களுக்கு 10 லட்சமும், பெண்கள் நடத்தும் நிறுவனங்களுக்கும் கிராமப்புறத் தாக்கம் கொண்டவற்றுக்கும் 15 லட்சமும் வைத்திருக்கிறது. இது முன்னேற்றம்.

தாண்டிக்குடிக்குப் போகும் வழியில் ஒரு நாற்றுப் பண்ணை. மிளகுக் கொடி, காபி நாற்று, திசு வாழை. நடத்துவது அறுபதை நெருங்கும் ஓர் அம்மா. கன்றின் இலைக்காம்பைத் திருப்பிக் காட்டினார். கரும்பச்சையில் விட்டுவிட்டு ஓடும் கோடுகள். முடிக்கொத்தின் முதல் அடையாளம். கொத்து விழுவதற்கு வெகு முன்னே தெரிவது. “ஒரு கன்னு இப்டி இருந்தாலும் பிடுங்கிருவேன், வேரோட. இல்லாட்டி ஊரே போயிரும்” என்றார். யார் சொல்லித் தந்தது என்றேன். களை வெட்டப் போன இடத்தில் தானே பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டாராம்; பேர் மட்டும் பிறகு ஆபீசருங்க சொன்னது.

அரசு மானியம் ஏதும் கேட்டதுண்டா?

“கேட்டம்மா. மகன் கம்ப்யூட்டர்ல போட்டுப் பாத்தான். கம்பெனி பேரு கேக்குது, பார்ட்னரு கேக்குது. பட்டா யாரு பேர்லன்னு கேக்குது.”

யார் பேரில்?

“வீட்டுக்காரரு பேர்லதான். அவரு போயி பதினோரு வருசமாச்சு.” கையிலிருந்த கன்றை ஓரமாக எறிந்துவிட்டு அடுத்த பையை எடுத்தார்.