ஆனா, ஆவன்னாவும் மணலில் எழுதிய விரலும்

உங்களில் பலர் இப்போது பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்கும் வயதில் இருக்கிறீர்கள். "டீச்சர், ஃபோனிக்ஸ் வகுப்புக்கு அனுப்பலாமா?" என்று மாதத்துக்கு ஒரு போனாவது வருகிறது. ஏதோ புதிதாக வந்து இறங்கிய வித்தை போலக் கேட்கிறீர்கள். இதன் பழைய கதையைக் கொஞ்சம் சொல்கிறேன். நீளமாகத்தான் இருக்கும், பொறுமையாகப் படியுங்கள்.

ஆங்கிலத்தில் எழுத்தின் பெயர் ஒன்று, ஒலி வேறு. "பி" என்பது பெயர், "ப்" என்பது ஒலி. பெயரை விட்டு ஒலியைச் சொல்லிக்கொடுப்பதுதான் ஃபோனிக்ஸின் அடிப்படை. தமிழில் அந்தத் தொல்லையே இல்லை என்று பெருமையாகச் சொல்வார்கள். பாதி உண்மைதான். நம் பாட்டன் பாட்டிகள் திண்ணைப் பள்ளியில் எப்படிப் படித்தார்கள்? ஆனா, ஆவன்னா, ஈனா, ஈயன்னா. ககரத்துக்குக் கானா, கா என்றால் காவன்னா. எழுத்துக்குப் பெயர் வைத்துச் சொல்லும் வழக்கம் தொல்காப்பியத்திலேயே உண்டு. அகரம், ஐகாரம் என்று சொல்ல கரம், காரம், கான் என்ற சாரியைகளை அவர் வகுத்திருக்கிறார். இலக்கணம் பேச அது வசதி. ஆனால் ஆறு வயதுப் பிள்ளை பானாவையும் டானாவையும் சேர்த்தால் "பட" எப்படி வரும்?

நான் 1983இல் ஒரு கரிசல்காட்டுக் கிராமத்து ஒன்றியப் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தேன். மூன்றாம் வகுப்பில் ஒரு பையன். பன்னிரண்டு உயிர், பதினெட்டு மெய், இருநூற்றுப் பதினாறு உயிர்மெய், ஓர் ஆய்தம், ஆக 247 எழுத்தையும் மூச்சு விடாமல் ஒப்பிப்பான். கரும்பலகையில் "படம்" என்று எழுதினால் திருதிருவென விழிப்பான். "இவனுக்குப் படிப்பு ஏறாது டீச்சர்" என்று சொல்லி, அடுத்த வருடம் தீப்பெட்டி ஒட்ட அனுப்பிவிட்டார்கள். அவன் மக்கு இல்லை. வரிசையை ஒப்பிப்பது வேறு, வாசிப்பது வேறு என்பதைப் பெரியவர்கள் யாரும் எண்ணிப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். அதன்பின் நான் ட, ப, ம மூன்றை மட்டும் முதலில் எடுத்துக்கொண்டேன். வளைவு குறைந்த எழுத்துகள், இரண்டு நாளில் படம், பட்டம், மடம் என்று வாசித்துவிடலாம்.

ஆனாலும் திண்ணைப் பள்ளியை ஒரேயடியாகக் குறை சொல்ல மாட்டேன். அங்கே ஒரு நல்ல பொருள் இருந்தது, மணல். பிள்ளை விரலால் எழுதும், எழுதும்போதே வாய்விட்டுச் சொல்லும். கண், காது, வாய், விரல் நான்கும் ஒரே எழுத்தில் நிற்கும். 1789இல் சென்னை எழும்பூரில் சிப்பாய்களின் அநாதைப் பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளியை ஏற்று நடத்திய ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், நம் நாட்டுப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டு அதைத் தம் பள்ளியிலும் கொண்டுவரப் பார்த்தார். அங்கிருந்த ஆசிரியர் முடியாது என்று கைவிரித்துவிட்டார். பெல் என்ன செய்தார் தெரியுமா? ஜான் ஃபிரிஸ்கன் என்ற எட்டு வயதுப் பையனிடம் அகரவரிசை வகுப்பை ஒப்படைத்தார். அவன் நடத்திக் காட்டினான்! 1797இல் பெல் இதை லண்டனில் புத்தகமாக வெளியிட, "மதராஸ் முறை" என்ற பெயரில் இங்கிலாந்துப் பள்ளிகளில் அது பரவியது. நம் சட்டாம்பிள்ளையும் மணலும் கப்பலேறிய கதை இதுதான். பிறகு 1939இல் மரியா மாண்டிசோரி அம்மையார் அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். அவர் முறையில் சொரசொரப்பான உப்புத்தாளில் வெட்டிய எழுத்துகள் உண்டு. பிள்ளை அதை விரலால் தடவிக்கொண்டே ஒலியைச் சொல்ல வேண்டும், பெயரை அல்ல.

எழுத்தின் வடிவமும் ஒரு காலத்தில் வாசிப்பவரைப் பாடாய்ப் படுத்தியிருக்கிறது. பழைய ஓலையில் புள்ளி வைக்க மாட்டார்கள். எகரத்துக்கும் ஏகாரத்துக்கும், ஒகரத்துக்கும் ஓகாரத்துக்கும் கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. "கொடு" என்பதா, "கோடு" என்பதா என்று பொருள் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். பதினெட்டாம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் நெடிலுக்குத் தனி வடிவம் கொடுத்துத் தீர்த்துவைத்தார்.

அடுத்த பெரிய மாற்றம் எங்கள் தலைமுறையில் வந்தது. ஆகாரத்துக்குத் துணைக்கால் என்று பிள்ளைக்குச் சொல்லிவிட்டு ணா, றா, னா மூன்றுக்கு மட்டும் வேறு வடிவம் காட்டுவோம். அதே மூன்று எழுத்துக்கு ஒகர, ஓகார வரிசையிலும் இதே கதை. ஐகாரத்தில் ணை, லை, ளை, னை நான்கும் யானைத் தும்பிக்கை போலச் சுருண்டு நிற்கும். மொத்தம் 13 எழுத்துகள். பெரியார் 1935இலிருந்தே தம் குடி அரசு இதழில் இவற்றைச் சீராக்கி அச்சிட்டார். எம்.ஜி.ஆர். அரசு 1978இல் ஆணை போட்டது. நான் படித்தது தும்பிக்கை எழுத்து, கற்பித்தது புது எழுத்து. சில பிள்ளைகளுக்கு வீட்டில் தாத்தா பழைய "லை" போட்டுக் காட்டுவார், பள்ளியில் நான் வேறு போடுவேன். பிள்ளை என்னை நம்புவதா, தாத்தாவை நம்புவதா என்று விழிக்கும். ஓரிரு வருடத்தில் எல்லாம் சரியாகிவிட்டது.

சரியாகாதது உகர வரிசைதான். கு, டு, து, மு ஒவ்வொன்றும் ஒரு தினுசு. வா.செ. குழந்தைசாமி இகர, ஈகார, உகர, ஊகார வரிசைகளின் 72 எழுத்தையும் ஒரே குறியில் அமைக்கலாம் என்று பல காலம் வாதாடினார், எதிர்ப்பு பலமாக இருந்தது. பிள்ளைகள் இன்னும் இங்கேதான் தடுமாறுகின்றன. இன்னொரு இடம் கொம்பு. "கெ" எழுதும்போது கொம்பு முன்னால் நிற்கும், ஒலியோ பின்னால் வரும். "கொ"வில் கொம்பு இந்தப் பக்கம், கால் அந்தப் பக்கம். இதற்கு நாள் எடுக்கும், அவசரப்படுத்தாதீர்கள்.

ஆகவே, கேட்டவர்களுக்கெல்லாம் என் பதில்: ஆங்கிலத்துக்கு அனுப்புவதானால் அனுப்புங்கள். தமிழுக்கு வீட்டில் ஒரு தாம்பாளமும் இரண்டு கை ரவையும் போதும். பிள்ளை விரலால் ட, ப, ம எழுதட்டும், எழுதும்போதே சத்தமாகச் சொல்லட்டும். உங்கள் வீட்டில் யாராவது ஆனா, ஆவன்னா சொல்லி மணலில் படித்தவர்கள் இருந்தால், அவர்கள் ஙகரத்தையும் ஞகரத்தையும் என்ன பெயரில் சொல்வார்கள் என்று கேட்டு எழுதுங்கள். ஊருக்கு ஊர் மாறும், நான் குறித்து வைத்துக்கொண்டு வருகிறேன்.