ஜான் கோல்ட்ரேன்: ஜாஸ் புதுசா கேட்கிறீங்களா? இந்த 6 டிராக்கில் தொடங்குங்க!

ஜாஸ் என்றாலே ‘அதெல்லாம் நமக்குப் புரியாதுப்பா’ என்று ஒதுங்குபவர்கள் அதிகம். அதிலும் சாக்ஸபோன் மேதை ஜான் கோல்ட்ரேனின் கடைசிக்கால இசையை முதலில் கேட்டால், ஹெட்போனைக் கழற்றிவிடத் தோன்றும். வரிசை மாற்றிக் கேட்டால் கதையே வேற!

யார் இந்த கோல்ட்ரேன்?

1926-ல் அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் பிறந்தவர். ஹெராயின் பழக்கத்தால் 1957-ல் மைல்ஸ் டேவிஸ் குழுவிலிருந்து வெளியேற்றப்பட்டார். அதே ஆண்டு அந்தப் பழக்கத்தை விட்டார். 1967-ல் கல்லீரல் புற்றுநோயால் இறந்தபோது வயது 40 தான். இன்று உலகம் கொண்டாடும் அவரது இசையில் பெரும்பகுதி அந்தப் பத்தே ஆண்டுகளில் வந்தது.

எதிலிருந்து தொடங்கலாம்?

1. இன் எ சென்டிமென்டல் மூட் (1962): டியூக் எலிங்டனின் மெட்டு, பியானோவும் அவரே. நாலு நிமிஷம்தான். இரவில் கேட்க அவ்வளவு இதமா இருக்கும்.

2. ப்ளூ ட்ரெய்ன் (1957): மீண்டு வந்த ஆண்டின் பதிவு. ஒருமுறை கேட்டாலே மனசில் ஒட்டிக்கொள்ளும் ப்ளூஸ் மெட்டு. டிரம்பெட் வாசித்த லீ மோர்கனுக்கு அப்போது 19 வயது.

3. நைமா (1959): முதல் மனைவியின் பெயரில் அமைத்த மென்மையான மெட்டு. இது உள்ள ‘ஜெயன்ட் ஸ்டெப்ஸ்’ ஆல்பத்தின் தலைப்பு டிராக்கோ நேர் எதிர். கார்டுகள் அத்தனை வேகமாக மாறும். பியானோ கலைஞர் டாமி ஃபிளனகன் திணறுவது பதிவிலேயே கேட்கும்.

4. மை ஃபேவரிட் திங்ஸ் (1960): ‘தி சவுண்ட் ஆஃப் மியூசிக்’ நாடகப் பாட்டை சோப்ரானோ சாக்ஸபோனில் 13 நிமிடத்துக்கு மேல் விரித்திருப்பார். மெட்டு முதலிலேயே காதில் பதிந்துவிடுவதால், அவர் எங்கே விலகுகிறார், எப்படித் திரும்புகிறார் என்று பின்தொடரலாம்.

5. அலபாமா (1963): 1963 செப்டம்பர் 15 அன்று அலபாமாவின் பர்மிங்ஹாம் நகரில், கறுப்பின மக்களின் தேவாலயத்தில் வெள்ளை இனவெறியர்கள் வைத்த குண்டு வெடித்து 4 சிறுமிகள் பலியானார்கள். இரண்டே மாதத்தில் கோல்ட்ரேன் இதைப் பதிவு செய்தார். பாடல் வரி ஒன்றுகூட இல்லை. ஆனாலும் துக்கம் அப்படியே கேட்கும். ஒன்றை மட்டும் கேட்க நேரம் இருந்தால், இதைக் கேளுங்க.

6. எ லவ் சுப்ரீம் (1964): நான்கு பகுதிகள், சுமார் 33 நிமிடங்கள். 1957-ல் தனக்குக் கிடைத்த ஆன்மிக விழிப்புக்குக் கடவுளுக்குச் சொன்ன நன்றி. கடைசிப் பகுதியில், தானே எழுதிய பிரார்த்தனைக் கவிதையைச் சொல் சொல்லாகச் சாக்ஸபோனில் ‘வாசிக்கிறார்’. வேலை செய்துகொண்டே கேட்காமல், ஒரே மூச்சில் உட்கார்ந்து கேட்க வேண்டியது.

இந்தியாவுடன் என்ன தொடர்பு?

சிதார் மேதை ரவிசங்கர் மீது கோல்ட்ரேனுக்கு அவ்வளவு மதிப்பு. தன் மகனுக்கு ரவி என்றே பெயர் வைத்தார். 1961-ல் நியூயார்க்கின் வில்லேஜ் வேன்கார்ட் கிளப்பில் பதிவான ‘இந்தியா’ டிராக்கில், இரண்டு பேஸ் வாத்தியங்கள் தம்புரா சுருதி போலப் பின்னால் ஒலிக்கும்.

எதைக் கடைசிக்கு வைக்கணும்?

‘அசென்ஷன்’ (1965). 11 பேர் சேர்ந்து சுமார் 40 நிமிடம் வாசிக்கும் பெரும் சூறாவளி. முதலில் கேட்டால் வெறும் இரைச்சல். ‘அலபாமா’வையும் ‘எ லவ் சுப்ரீ’மையும் கேட்டபிறகு போனால், அதே குரல் இங்கே கதறுவது புரியும்.